பொன்னாடைக்கு முன்னால் நோட்டுப் புத்தகம்: நம் ஊர் வார்டுகளில் நிஜமாக வேலை செய்யும் குழுக்களைக் கண்டுபிடிப்பது எப்படி

நாங்கள் ஒரு பன்னிரண்டு பேர், காரைக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒரு காரியம் செய்கிறோம். காரைக்குடிக்குள்ளும் தேவகோட்டைப் பக்கமும் வசதி எட்டிப் பார்க்காத தெருக்களில், அந்தத் தெருக்காரர்களே கையூன்றி நடத்துகிற ஏதாவது ஒரு முயற்சியைத் தேடிப் பிடித்து, நாலு பேருக்குத் தெரியும்படி பாராட்டிக் கொஞ்சம் பணமும் கொடுப்பது. சேமிப்புக் குழுவாக இருக்கலாம், மாலை வகுப்பாக இருக்கலாம், ஊரணியில் குப்பை கொட்டவிடாமல் காவல் காக்கிற பையன்களாக இருக்கலாம், வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு நலவாரிய அட்டை எடுத்துக் கொடுக்கிற ஒரு அக்காவாக இருக்கலாம். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற கூட்டாளிகள் பணத்தை அனுப்பிவிடுவார்கள். அலைகிற வேலை ஊரில் இருக்கிற எங்கள் மூன்று பேருக்கு.

முதல் வருடமே நன்றாக ஏமாந்தோம். ஒருவர் கலர் கோப்போடு வந்தார், ஆல்பம் காட்டினார், பேனர், சின்னம், செய்தித்தாள் நறுக்குகள் எல்லாம் இருந்தன. கேடயம் கொடுத்தோம், காசோலையும் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கூடம் பூட்டிக் கிடந்தது. எதிரே டீக்கடைக்காரர், "அது ஃபங்ஷன் அன்னைக்கு மட்டும்தான் தம்பி தெறப்பாங்க" என்றார், சிரிக்காமல். அதைவிடக் கேவலம் என்னவென்றால், அதே கூடத்துக்கு இரண்டு தெரு பின்னால் பதினோரு வருடமாக ஒரு பெண்கள் குழு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது, எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

அதற்கப்புறம் அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் காரைக்குடியாக இல்லாவிட்டாலும் பாதியாவது பொருந்தும்.

முதலில் யாரிடம் கேட்பது

கோப்போடு உங்களைத் தேடி வருகிறவரிடம் தொடங்காதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் தேடி வருவதற்கு நேரமும் வெள்ளைச் சட்டையும் இருப்பவர்கள் ஒரு வகை, காலையில் ஐந்தரைக்கு எழுந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் போடுகிறவர்கள் வேறு வகை. இரண்டாவது வகை உங்கள் வாசலுக்கு வராது.

தெருவுக்குள் போய்விடுங்கள். ரேஷன் கடை வரிசை, குழாயடி, அங்கன்வாடி டீச்சர், வார்டில் குப்பை எடுக்கிற தூய்மைப் பணியாளர், வீடு வீடாகப் போகிற சுகாதார நர்ஸ், திங்கட்கிழமைச் சந்தையில் தரையில் காய் பரப்பி உட்கார்ந்திருக்கிறவர்கள், இவர்களிடம் பேசுங்கள். "இங்கே நல்ல சேவை செய்யும் அமைப்பு எது?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது, அது மேடைக் கேள்வி. "ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கையில் காசில்லை, யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?" என்று கேளுங்கள். "முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட யாரைப் பிடிப்பீங்க?" என்று கேளுங்கள். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் ஒரே வீட்டைக் கை காட்டினால், அந்த வீட்டுக்குப் போங்கள். அவ்வளவுதான் தேர்வின் முதல் சுற்று. கவுன்சிலரிடமும் கேட்கலாம், தப்பில்லை, ஆனால் கடைசியில் கேளுங்கள்.

இதில் ஒரு குழப்பம் வரும். எங்கள் பக்கம் "குழு" என்று சொன்னாலே பாதிப் பேருக்கு மனதில் வருவது தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். ஐந்தாறு பேரைச் சேர்த்து உட்கார வைத்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கி, வாரா வாரம் ஒரு பையன் பைக்கில் வந்து வசூலித்துப் போவான். அதுவும் வட்டமாகத்தான் உட்காருகிறது, அதிலும் தலைவி இருக்கிறாள், புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: "குழுவோட சொந்தச் சேமிப்பு எவ்வளவு இருக்கு?" கடன் வசூலுக்காக மட்டும் கூடுகிற குழுவில் சேமிப்பு என்று ஒன்றே இருக்காது, விழிப்பார்கள். சுயஉதவிக்குழுவில் பத்து முதல் இருபது பேர் இருப்பார்கள், சேமிப்புத் தொகையைப் பத்து ரூபாய் வரைக்கும் துல்லியமாகச் சொல்வார்கள். அந்தப் பணத்தை உள்ளுக்குள்ளேயே கடனாகச் சுற்றி விடுவார்கள், வட்டியும் குழுவுக்கே வரும். வட்டி எங்கே போகிறது என்று கேட்டாலே யாருடைய குழு என்று தெரிந்துவிடும்.

சொல்லாமல் போவது

போகும்போது ஆறு பேர் காரில் போய் இறங்காதீர்கள். ஒருவர், அதிகம் போனால் இருவர். ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு தடவை சொல்லாமல் போங்கள். சொல்லிவிட்டுப் போகிற அன்றைக்கு நாற்காலி போட்டிருப்பார்கள், ரோஸ் மில்க் வரும், பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் சொல்வார்கள். சொல்லாமல் போகிற அன்றைக்குத்தான் உங்களுக்கு வேலை. கார்த்திகை மழையில் ஒரு வாரநாள் மாலை போய்ப் பாருங்கள், எத்தனை பேர் நனைந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று.

உட்கார்ந்து கவனியுங்கள். யார் பேசுகிறார்? ஒரே ஆள் பேசி மற்றவர்கள் தலையாட்டினால், அது குழு இல்லை, ஒரு ஆள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் "இல்லக்கா, அது போன மாசம்" என்று திருத்துகிறாரா? அந்தத் திருத்தத்தை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையா? எனக்கு அதைப் பார்த்தால் பாதி மனது நிறைந்துவிடும். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். முதல் நாளே "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்ட நிமிஷத்தில் கூட்டம் மனு கொடுக்கும் கூட்டமாக மாறிவிடும், அதற்கப்புறம் நீங்கள் எதைக் கேட்டாலும் கஷ்டக்கதைதான் பதிலாக வரும். நானே அப்படி ஒரு நல்ல மாலையைக் கெடுத்திருக்கிறேன்.

மாலை வகுப்பாக இருந்தால் பிள்ளைகள் ஒப்பிக்கிற பாட்டைக் கேட்டு மயங்காமல், சொல்லிக் கொடுப்பவரிடம் "நேத்து யார் வரல, ஏன் வரல?" என்று கேளுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் வந்தவர் உடனே சொல்வார். கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்காக 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வி திட்டத்தைத் தொடங்கியபோது நம் தெருக்களிலேயே எத்தனையோ பெண்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். திட்டம் அரசுடையது, சரி. ஆனால் ஒரு தெருவில் அது ஏட்டளவில் இருந்தது, பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் தாமாகவே பாய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வித்தியாசத்துக்குக் காரணமான ஆளைத்தான் நாம் தேடுகிறோம். அரசுத் திட்டம் என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

நோட்டைப் படிப்பது

இதுதான் முக்கியம், இதை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துப் பேரேடுகளும், வருடக் கடைசியில் வரவு, செலவு, பற்று, இருப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கட்டுகிற ஐந்தொகைக் கணக்கும் அந்த வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கணக்கில் அடித்தல் இருக்கலாம், கிழித்தல் இருக்கக்கூடாது.

ஒரு சேமிப்புக் குழுவிடம் போனால் வருகைப் பதிவு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று இருக்கும். சின்னக் குழுவில் எல்லாம் ஒரே நீள நோட்டில் இருக்கும், அதுவும் சரிதான். அதிகாரிகள் இதற்கு ஐந்து விதி சொல்வார்கள், பஞ்ச சூத்திரம் என்று: தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்ளுக்குள் கடன், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுதல், ஒழுங்கான பதிவேடு. இந்த ஐந்தும் நோட்டிலேயே தெரிந்துவிடும், ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது எழுத்தை மட்டும் இல்லை, மையையும்.

ஆறு மாதக் கணக்கு ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது. உண்மையான நோட்டில் நீலம் இருக்கும், கறுப்பு இருக்கும், பேனா தீர்ந்து போய்ப் பென்சிலில் எழுதிய ஒரு வாரம் இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், யாரோ பிள்ளை ஓரத்தில் படம் போட்டிருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாமல் ரேகை வைத்தவர் இரண்டு வருடம் கழித்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைக் கண்டால் பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் பாருங்கள், அந்தக் குழுவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் மாதத்தைப் பாருங்கள். நம் பக்கத்துப் பெண்களில் நிறையப் பேருக்கு வருமானம் கல்யாண வீடுகளை நம்பித்தான். சமையல் உதவி, பலகாரம் சுடுவது, பாத்திரம் கழுவுவது, மண்டபம் கூட்டுவது. முறுக்கும் தேன்குழலும் மனகோலமும் டின் டின்னாகப் போகிற தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கடன் தவணை பிசகாமல் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தவணை தள்ளிப்போகும், சேமிப்புகூடச் சிலரிடம் பாதிதான் வரும். நிஜமான நோட்டில் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். பன்னிரண்டு மாதமும் எல்லாரும் நூறு சதவீதம் கட்டினதாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆடியில் கட்ட முடியாதவர்களை என்ன செய்தார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் தேடுங்கள். அபராதம் போட்டார்களா, ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தார்களா, வீட்டுக்குப் போய் என்ன ஏது என்று விசாரித்தார்களா? ஒரு குழுவின் குணம் அந்த இரண்டு வரியில் இருக்கும்.

ஒரு குழுவில் ஒரு வரி முழுக்க அடித்து மேலே வேறு தொகை எழுதியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். கணக்கெழுதுகிற அக்கா கொஞ்சமும் பதறவில்லை. "அது எங்க தப்புண்ணே. ஐந்நூற ஐயாயிரம்னு எழுதிட்டோம். அடிச்சிட்டு மேல எழுதி ரெண்டு பேரு கையெழுத்துப் போட்ருக்கோம் பாருங்க. கிழிச்சா நாளைக்கு எங்களுக்கே சந்தேகம் வருமில்ல?" என்றார். அப்பா இருந்திருந்தால் அந்த அக்காவைக் கடைக்குக் கணக்கெழுதக் கூட்டிப் போயிருப்பார். அந்த வருடம் அவர்களைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

சேமிப்புக் குழு இல்லாமல் வேறு வேலை செய்கிறவர்களிடமும் ஏதாவது ஒரு நோட்டு இருக்கும். ஊரணி காக்கிற பையன்களிடம் ஒரு வாட்ஸாப் குழுதான் நோட்டு. அதில் எந்தத் தேதியில் யார் எத்தனை மணிக்கு மண்வெட்டியோடு வந்தார், யார் வராமல் சாக்குச் சொன்னார், யார் யாரைத் திட்டினார் என்று எல்லாம் இருக்கும். மேலே தள்ளிக்கொண்டே போனால் கோடையில் என்ன நடந்தது என்பது வரை தெரியும். கொடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவர்களாகக் காட்டினால் பாருங்கள்.

சாவி யாரிடம்

கூடம், பெட்டி, வங்கிப் புத்தகம், எதுவானாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். "இந்த வாரம் முக்கு வீட்டு அக்காகிட்ட, அடுத்த வாரம் எங்கிட்ட" என்று பதில் வந்தால் நல்லது. சுயஉதவிக்குழுவில் முன்னின்று நடத்துகிற ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகள் இருவரும் இருப்பார்கள். பத்து வருடமாக அதே மூன்று பேர் என்றால் ஏன் என்று கேளுங்கள். சில சமயம் நியாயமான காரணம் இருக்கும், எழுதத் தெரிந்தவர்களே அவர்கள்தான் என்பார்கள். அப்படியானால் வேறு யாருக்காவது எழுதக் கற்றுக்கொடுத்தார்களா என்பது அடுத்த கேள்வி. தலைவியிடமே நேராகக் கேட்கலாம்: "அக்கா, நீங்க மூணு மாசம் திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டா இது நடக்குமா?" அவர் பதில் சொல்வதற்கு முன்னால் பின்வரிசையில் யாராவது சிரிக்கிறார்களா, முகம் சுருக்குகிறார்களா என்று பாருங்கள்.

யார் வரவில்லை

எங்கள் பக்கத்துச் செட்டியார்களான நகரத்தாரின் கோயில் கணக்கில் புள்ளி என்று ஒன்று உண்டு. கல்யாணமாகித் தனியாகக் கணக்கில் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி, அதற்கு வரி, அதற்கு மரியாதை. ஊரில் எத்தனை புள்ளி என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். எண்ணப்பட்டவர்களுக்குத்தான் பங்கு, அது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அப்படித்தான். அதனால் நான் எந்தக் குழுவுக்குப் போனாலும் கேட்கிற கேள்வி: உங்கள் தெருவில் மொத்தம் எத்தனை வீடு, அதில் இங்கே வருகிறவர்கள் எத்தனை வீடு?

நல்ல குழு வீட்டுக் கணக்கு வைத்திருக்கும். வாடகைக்கு வந்தவர்கள், பூட்டிக் கிடக்கும் வீடு, கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பம், தனியாக இருக்கும் கிழவி, நடக்க முடியாதவர், எல்லாம் அதில் இருக்கும். மும்பையில் தேசிய குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டியெழுப்பிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்தவர், 2000-ல் மகசேசே விருது வாங்கியவர். அவரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்களும் கையிலெடுத்த பெரிய ஆயுதமே இந்த எண்ணிக்கைதான். அரசாங்கக் கணக்கில் இல்லாத குடிசைவாசிகளே வீடு வீடாகப் போய்த் தங்களை எண்ணி எழுதி, அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு மாநகராட்சியிடம் போய் உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தையில் எதிரே இருப்பவரிடம் இல்லாத கணக்கு இவர்களிடம் இருந்தது.

நம் ஊரில் இதைக் கேட்கும்போது சாதி குறுக்கே வரும். மறைக்க வேண்டாம். ஒரே தெருவின் மேல்பாதி மட்டும் குழுவில் இருக்கும், கீழ்ப்பாதி இருக்காது, கேட்டால் "அவங்க வரமாட்டாங்க" என்பார்கள். கீழ்ப்பாதிக்கும் நடந்து போய்க் கேளுங்கள், "எங்களக் கூப்பிடல" என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு குழு மற்ற எல்லாவற்றிலும் சிறப்பாக இருந்தது, நாங்கள் அந்த வருடம் கொடுக்கவில்லை, காரணத்தையும் நேராகச் சொன்னோம். கோபித்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள், போய்ப் பார்த்தோம், நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். நாலு பேர்தான்.

அரசாங்கத்தை வேலை வாங்குகிறார்களா

பணக்காரர்களிடம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பதை மட்டும் செய்கிற அமைப்பு நல்ல காரியம்தான் செய்கிறது, ஆனால் அது தர்மம். எங்கள் ஊருக்குத் தர்மம் புதிதில்லை, மகமை என்று வியாபாரத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கிய ஊர் இது. நான் தேடுவது வேறு. கிடைக்க வேண்டியதைக் கிடைக்கும் இடத்தில் போய்க் கேட்டு வாங்கத் தெரிந்த குழு.

திருச்சி கல்மந்தை இதற்கு நல்ல உதாரணம், நமக்கு ஒன்றும் தூரமில்லை, பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். அங்கே பொதுக்கழிப்பறையைப் பெண்கள் குழுவே ஏற்று நடத்தியது. உபயோகிக்கிறவர்களிடம் சிறு கட்டணம் வாங்கி, கூட்டிக் கழுவி, பராமரித்து, கணக்கு வைத்தார்கள். கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுத்துக் கூட நின்றது. 2002-ல் நாட்டிலேயே திறந்தவெளியில் மலம் கழிக்காத முதல் குடிசைப்பகுதியாக அது அறிவிக்கப்பட்டது. கழிப்பறைக் கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம், நாலாவது மாதம் தாழ்ப்பாள் உடைந்தால் யார் மாற்றுவார் என்பதுதான் விஷயம்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மாறிவிட்டது, தெருக்குழாய் மாறவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அது இருக்கட்டும். வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்து 2022 நவம்பர் 1-ல், உள்ளாட்சிகள் தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை போல நகரத்துக்கும் ஒன்று. உங்கள் குழு அங்கே போய் எழுந்து பேசியிருக்கிறதா என்று கேளுங்கள். கட்டுமானத் தொழிலாளர், வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியங்களில் எத்தனை பேரைப் பதிந்தார்கள், புதுப்பிக்கும் தேதியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்? தரைக்கடை போடுகிறவர்களுக்கு 2014-ம் வருடச் சட்டப்படி அடையாள அட்டை உண்டு, தரைக்கடை விவகாரங்களைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கே நாற்பது சதவீத இடம் உண்டு, அது உங்கள் சந்தைப் பெண்களுக்குத் தெரியுமா? நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட்டு வேலை நடக்கும், அதற்குப் பணம் திரட்ட இவர்கள் முயன்றிருக்கிறார்களா? மனு கொடுத்த நகல், ஒப்புகைச் சீட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்ட கேள்விக்கு வந்த பதில், இவையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருப்பார்கள். ஆல்பத்தைவிட அந்தப் பை எனக்குப் பெரிது. தோற்றுப்போன மனுக்களும் அதில் இருந்தால் இன்னும் நல்லது.

பதிவு இருக்கிறதா என்று பலர் முதலில் கேட்பார்கள். நான் கடைசியில்தான் கேட்பேன். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கமாகப் பதியலாம், அறக்கட்டளை அதைவிடச் சுலபம், அதனால் பதிவு எண் இருப்பது ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை, இல்லாதது குற்றமும் இல்லை. பெரிய தொகை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஆண்டுக்கணக்குத் தாக்கல் செய்திருக்கிறார்களா, வரிவிலக்குச் சான்று இருக்கிறதா, வங்கிக்கணக்கு அமைப்பின் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். தனி ஆள் பெயரில் ஜிபே எண் கொடுத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்படிப் பாராட்டுவது

கண்டுபிடிப்பதைவிட இது கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இரண்டாவது வருடம் நல்ல குழுவைத்தான் பிடித்தோம். மேடையில் ஊக்குநர் அக்காவை மட்டும் அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கையில் கவர் கொடுத்துப் படம் எடுத்தோம். மறுநாளே தெருவில் பேச்சு: "வேலை செஞ்சது நாங்க, போர்வை அவளுக்கா?" அடுத்த தீபாவளிக்குள் குழு இரண்டானது. அதில் எங்களுக்குப் பாதிப் பங்கு உண்டு, மறுக்க முடியாது.

இப்போது நாங்கள் செய்வது இப்படி. எல்லார் பெயரையும் வாசிப்போம், பதினாறு பேர் என்றால் பதினாறு பேரும், கணக்கெழுதுகிறவரை முதலில். விழாவை மண்டபத்தில் வைப்பதில்லை, அவர்கள் தெருவிலேயே, அவர்களுக்கு வேலையில்லாத நேரத்தில் வைப்போம். கவுன்சிலரையும் வங்கி மேலாளரையும் கூப்பிட்டுப் பார்வையாளர்களாக முன்வரிசையில் உட்கார வைப்போம், மேடை இல்லாததால் யாருக்கும் வருத்தமும் இல்லை. பணம் குழுவின் கூட்டுக் கணக்குக்கு மட்டும், மூன்று தவணையாக. அவர்கள் ஒரு வருடத்தில் சேமிக்கிற தொகையைவிடப் பெரிய பணத்தை ஒரே நாளில் கொட்டாதீர்கள், அதைப் பங்கு போடுவதிலேயே குழு உடையும். கேடயம் கிடையாது. என்ன வேண்டும் என்று இந்தக் கட்டத்தில்தான் கேட்கிறோம். ஒரு குழு இரும்பு பீரோ கேட்டது, இரண்டு பூட்டு வைத்தது. ஒரு மாலை வகுப்பு ஃபேன் கேட்டது. ஒரு குழு ஒன்றும் வேண்டாம், வங்கியில் எங்களை நிற்க வைத்தே பேசுகிறார்கள், ஒரு நாள் கூட வாருங்கள் என்றது. போனோம். நாற்காலி போட்டார்கள்.

இன்னொன்று, அவர்கள் செய்ததை ஒரு பக்கம் தமிழில் தெளிவாக எழுதித் தட்டச்சு செய்து கொடுங்கள். பேச்சுத்திறமை இருப்பவர்களுக்கும் எழுத வராது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வங்கிக்குப் போவார்கள். தமிழ்நாடு அரசு சிறந்த சுயஉதவிக்குழுக்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் மணிமேகலை விருது கொடுக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கவும் அது உதவும். பிள்ளைகள் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள், "ஏழைக் குழந்தைகள்" என்று தலைப்புப் போடவே போடாதீர்கள்.

விருதைப் பற்றிப் பேசினால் மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா ஞாபகம் வராமல் இருக்காது. அவருடைய களஞ்சியம் இயக்கம் கிராமத்துப் பெண்களிடம் தொடங்கியது என்றாலும் சேமிப்புக் குழு என்றாலே நம் பக்கம் அவர் முகம்தான். ஸ்த்ரீ சக்தி விருது வாங்கப் போனபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்ட படம் நாடெங்கும் வந்தது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. தனக்கு வீடு இல்லை என்று அவர் சொன்னது செய்தியாகி, தமிழக அரசு வீடு கட்டித்தர உத்தரவிட்டது 2024-ல். பட்டியல் போடும்போது எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்வேன், உடனே பொன்னாடைக்கு ஒதுக்கின பணம் வேறு கணக்குக்குப் போய்விடும்.

கொடுத்து முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள், சொல்லாமல். பணம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கப் போக வேண்டாம், நோட்டில் கடைசித் தேதி என்ன என்று பார்த்தால் போதும். எங்கள் பட்டியலில் இரண்டு குழுக்கள் நின்றுவிட்டன, ஒன்று வீடு இடித்து எல்லாரும் வேறு பக்கம் போனதால், இன்னொன்று சும்மா, சலித்துப்போய். மற்றவை ஓடுகின்றன.

தேட எந்த மாதம் நல்லது என்று கேட்டால் ஆடி. கல்யாண வேலை இல்லை, கையில் காசு இல்லை, வீட்டில் சண்டை. அந்த மாதத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் குழு மற்ற மாதங்களில் தானாக உட்காரும். நாங்கள் ஆடி முதல் வாரம் கிளம்புகிறோம், தையில் கொடுக்கிறோம், நடுவில் உள்ள ஐந்து மாதமும் போய் வருவதற்கு. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருந்தால் போதும். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.